பதினான்காம் டோக்கன்

மாலை பஸ்ஸை அடியோடு நிறுத்திவிடலாமா என்று ஊராரிடம் கருத்துக் கேட்கக் கூட்டிய கூட்டம், அந்த பஸ் கிளம்பும் நேரத்தைத் தொட்டுவிட்டது. தையல்காரியின் உள்ளங்கையில், பேசும் முறைக்காகக் கொடுத்த பதினான்காம் டோக்கன் வியர்வையில் ஊறிக் குழைகிறது. அதிகாரி இன்னும் பதினொன்றிலேயே இருக்கிறார். சுவரில் மாட்டிய வழித்தட வரைபடத்தில் சன்னல் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. வெளியே ஹாரன் இரண்டாம் முறை அலறுகிறது. நாற்காலிகள் கிறீச்சிட ஒவ்வொருவராக எழுகிறார்கள்.

“பேசாமப் போறவங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கோங்க” என்கிறார் அதிகாரி, குமாஸ்தாவிடம்.

வீட்டுக்கு ஒன்பது மைல். பையைப் பற்றியபடி அவள் பாதி எழுந்து நிற்கிறாள். சட்டென்று இன்ஜின் சத்தம் அடங்குகிறது. டிரைவர் விறுவிறுவென்று உள்ளே வருகிறார்.

“உட்காருங்கக்கா. நீங்கல்லாம் பேசி முடிக்காம வண்டி நகராது.”

விரித்த பதிவேட்டின்மேல், குமாஸ்தாவின் பேனா முனையருகே, பஸ் சாவியை வைக்கிறார்.