இழுப்பறையில் இருந்த முத்திரை
தைவானின் தைனான் நகர மிதிவண்டித் தொழிற்சாலையின் அலுவலக ஜன்னலில் மதிய வெயில் சாய்ந்து விழுகிறது. போன வாரம் தன்னை வேலையைவிட்டு நீக்கியதை எதிர்த்து முறையிட, நீக்கியதற்கான சான்றிதழ் கேட்டு நிற்கிறாள் வென்ஜூ. தினமும் அவளோடு ஒரே மேஜையில் சாப்பிட்ட எழுத்தர் மெய்ஷியா நீட்டும் தாளில் 'தானே விலகினார்' என்றிருக்கிறது. கீழே வென்ஜூவின் பெயர், ஈரம் காயாத சிவப்பு மையில். வேலைக்குச் சேர்ந்த அன்றே, எல்லோரையும்போல அவளும் கையெழுத்துக்குப் பதிலாகப் பதிக்கும் தன் பெயர் முத்திரையை மெய்ஷியாவின் இழுப்பறையில் வைக்கக் கொடுத்திருந்தாள். "நான் வைக்கலையேக்கா." "மேல சொன்னாங்க, வச்சேன். எனக்கும் பிள்ளகுட்டி இருக்குடி." மெய்ஷியா அந்த முத்திரையைத் துடைத்துத் துடைத்து அவள் பக்கம் தள்ளுகிறாள், கூடவே ஒரு ரசீதையும். "திருப்பி வாங்கிக்கிட்டேன்னு இதுல ஒரு முத்திரை வச்சிடு. இதை நீதான் வைக்கணும்."