நாலு மாசப் படம்

"இந்த ஆளுக்கெல்லாம் பிள்ளைகுட்டியே கிடையாதா?"

வரிசையில் நின்ற மேனேஜரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேங்கில் நாற்பது பேரை மேய்க்கிறவர். தப்பு கண்ணில் பட்டால் சும்மா இருக்க வராது.

விஷயம் இதுதான். விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி, முன்னால் நின்ற சின்னப் பையனைத் திடீரென்று "ஏய்" என்று ஓர் அதட்டல் போட்டார். பையன் அலறிக்கொண்டு அப்பா காலைக் கட்டிக்கொண்டான். அடுத்த நிமிஷம் டக் டக்கென்று முத்திரை.

வேடிக்கை என்னவென்றால், அந்த அப்பா சிரித்துக்கொண்டே, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அழ வைத்தவருக்கு எதற்கு தேங்க்ஸ்? மேனேஜரம்மாவுக்கு மண்டை குடைந்தது.

ஆனால் அதைவிடப் பெரிய கவலை அவர் கையில் இருந்தது, மகளின் பாஸ்போர்ட். அதில் இருப்பது நாலு மாசத்தில் எடுத்த படம். மொட்டைத் தலை, உப்பின கன்னம், பாதித் தூக்கம். இப்போது குட்டிக்கு நாலு வயசு. ரெட்டைச் சடை, ஓட்டைப் பல். இரண்டும் ஒரே ஆள் என்று பெற்றவள் சத்தியம் பண்ணினால்தான் உண்டு.

சந்தேகம் வந்தால் உள் அறைக்கு அனுப்பிவிடுவார்களாம். கொஞ்சம் முன்னால் போன ஒரு குடும்பம் இன்னும் வெளியே வரவில்லை. அங்கே மாட்டினால் விமானம் போய்விடும். ஒரு வருஷமாக மகளைப் பார்க்காத கணவர், வெளிநாட்டில் லீவு போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார்.

போன் அடித்தது. ஆபீஸ்தான்.

"லீவுல போறவளையும் விட மாட்டீங்களே" என்று அலுத்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். குட்டியைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருக்கும் அக்காவும் கூட வருகிறார். அவர் பாட்டுக்கு, வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெரியவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

போனை வைத்ததும் அக்கா வந்தார். "மேடம், நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். நீங்க முன்னாடி போங்க."

"இப்பவா? அடுத்தது நாமதான். கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா?"

சொல்லி முடிப்பதற்குள் அக்கா போயே போய்விட்டார். நல்ல நேரம் பார்த்தார் போங்கள்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"சார், இப்பவே சொல்லிடறேன். என் பொண்ணை அதட்டற வேலை மட்டும்..."

"ஏய்!"

குட்டி தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். பின்னால் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். உதடு பிதுங்கியது. பிறகு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

டக் டக்.

"உங்களுக்கு ஈவு இரக்கமே இல்லையா சார்?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. இவ்வளவு பழைய படம்னா உள்ளே அனுப்பி விசாரிக்கணும். அதுக்குள்ள உங்க ப்ளேன் பறந்துடும். பயந்த பிள்ளை பெத்தவங்ககிட்டதான் ஓடும். எனக்கு அது ஒண்ணு போதும், முத்திரை குத்திடுவேன்."

மேனேஜரம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. மனசு குளிர்ந்துபோய், "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார். ஆயிரம் வேலை இருந்தாலும் பிள்ளை என்னிடம்தானே ஓடி வந்தது என்று பூரிப்பு வேறு. அழுகிற குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அக்காவும் தன் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"என்னக்கா நீங்க, அவசரத்துக்கு உதவாம? பிள்ளை எப்படிப் பயந்துபோய் அழுதா தெரியுமா? அந்த நேரம் பாத்துதான் உங்களுக்கு பாத்ரூம் வரணுமா?"

"பாத்ரூமுக்குப் போகல மேடம். அந்தத் தூணுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்."

"தூணுக்குப் பின்னாடியா? எதுக்கு?"

அதற்குள் குட்டி தாவி அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதுவரை நிற்காத அழுகை, அங்கே போனதும் நின்றது.

குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே, தப்பு செய்தவர் போல அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இவர் இப்படித்தான் பிள்ளைங்களை அதட்டிட்டு, யார்கிட்ட ஓடுதுன்னு பார்ப்பாராம், அந்தப் பெரியவர் சொன்னார். நான் பக்கத்துல நின்னிருந்தா, உங்களை உள் ரூமுக்கு அனுப்பியிருப்பாங்களே மேடம்."