ஜானவாசக் கார்

“நாளைக்குக் கல்யாணம். சாயங்காலத்துக்குள்ள இது கிளம்பலைன்னா நேரே பழைய இரும்புக் கடைதான். ஜானவாச ஊர்வலத்துக்கு நான் வேற கார் கொண்டுவரேன்,” என்றார் சித்தப்பா வெங்கிடராமன்.

“கிளம்பும், சித்தப்பா. இது அப்பாவோட வண்டி. மாப்பிள்ளை இதுலதான் வருவார்,” என்றாள் கங்கா.

மட்டாஞ்சேரிக் கிடங்கொன்றில் துருவேறிக் கிடந்த அந்த மடக்குக் கூரைக் காருக்கு, ஜீப்பின் எஞ்சினைப் பொருத்தி, செந்நிறம் பூசி, மறுபிறவி அளித்தவள் அவளே. கைநிறையக் கிரீஸுடன் மீண்டும் பானெட்டுக்குள் குனிந்தாள்.

மாலையில் கார் உறுமியது. கூரையை மடக்கி, பூச்சரம் சுற்றி, மாப்பிள்ளை அனந்தநாராயணனைப் பின்னிருக்கையில் அமர்த்தினார்கள். நாதஸ்வரம் முழங்கியது.

“டிரைவர் எங்கே?” என்று பதறினார் சித்தப்பா.

கங்கா கைகளைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பற்றினாள்.

“நீயாடி? ஊர் என்ன சொல்லும்!”

“வண்டி ஓடறதுன்னு சொல்லும், சித்தப்பா.”

கார் மெல்ல நகர்ந்தது. திருப்பூணித்துறையிலிருந்து அன்றுதான் வந்திறங்கிய மாப்பிள்ளையின் அத்தை, கூடவே நடந்தபடி அவனிடம் அலுத்துக்கொண்டாள்: “பெண் டிரைவரெல்லாம் வெச்சிருக்கா, சரி. கல்யாணப் பொண்ணை மட்டும் என் கண்ணுல காட்டலியேடா!”

மாப்பிள்ளை சிரித்தான்.

“ஹாரன் அடிச்சுண்டு ஓட்டறாளே அத்தை, அவளாக்கும்!”