யப்பான் பாட்டும் பெரிய கிழமையும்

"தம்பி, முதல்ல அந்தப் பாட்டை நிப்பாட்டும்!"

காரில் ஏறி பெல்ற் போடுவதற்குள் பேர்ணடெட் சொல்லிவிட்டார்.

அடுத்த வீட்டுக் கிரிஷான்தான் நான்கு நாளாக அவரைத் தகனினியிலுள்ள வீட்டிலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறான். நான்கு நாளும் அதே பாட்டு. யப்பானிலிருந்து வந்த பழைய கார் அது. அங்கே அதை வைத்திருந்த யாரோ போட்ட சீடி உள்ளேயே இறுகிப்போயிருந்தது.

இன்று ஒன்பது மணிக்குச் செபஸ்ரியனுக்கு இருதய ஒப்பரேசன். அதற்கு முன் கணவரின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும்.

"மெல்லிசாத்தான் அன்ரி..."

"பெரிய கிழமை, தம்பி. ஆண்டவர் பாடுபட்ட நாளுகள். மனுசன் கிடக்கிற கிடையில பாட்டு ஒரு கேடோ?"

கிரிஷான் நிறுத்தினான்.

மோட்டர்வே என்ற அதிவேகச் சாலைக்கு ஏறும் வளைவு வந்தது. கார் ஏறவில்லை. நேரே உள்ரோட்டில் போனது.

"எங்க போறீர்? இதால போனா லைட்டுக்கு லைட் நிக்கவேணுமே! மணி எட்டாகுது!"

மோட்டர்வேக்கு ஏறும் அடுத்த வளைவுக்குச் சற்று முன்னால் அவன் காரை ஓரங்கட்டினான். ஸ்ரியரிங்கை விடாமல், முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"பாட்டைப் போடட்டோ, அன்ரி? போட்டா மோட்டர்வேயால போயிடலாம்."

பேரம் பேசுகிறான்! வாய்வரை வந்ததைப் பேர்ணடெட் விழுங்கிக்கொண்டார்.

"என்னத்தையாவது போட்டுத் துலையும்."

கிற்றார் மெல்லத் தொடங்கியது. பிறகு ஒரு ஆண்குரல். மொழி விளங்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போகிறவன் தனக்குத்தானே பாடுவதுபோல இருந்தது. இருபக்கமும் லொறிகள் இரைந்துகொண்டு பறந்தன. அந்தக் குரலுக்கு மட்டும் அவசரமே இல்லை.

கையிலிருந்த செபமாலை மணிகள் அதன் தாளத்துக்கு நகர்வதைக் கண்டு பேர்ணடெட்டுக்கே வெட்கமாயிருந்தது.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தார்கள். கிரிஷான் கார் விட இடம் தேடிப் போனான். பேர்ணடெட் உள்ளே ஓடினார். செபஸ்ரியனின் நெற்றியில் சிலுவை போட்டார். "போயிட்டு வாறன்" என்றார் செபஸ்ரியன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கதவு மூடியதும் யாருடனாவது கதைக்க வேண்டும் போலிருந்தது. கிரிஷானின் மனைவி தர்சிகாவை அழைத்தார்.

"கொண்டு போயிட்டினம், பிள்ளை."

"பயப்பிடாதேங்கோ, அன்ரி. நல்லபடியா வருவார்."

"அது சரி, உம்மட மனுசனைக் கொஞ்சம் கண்டிச்சு வையும். பெரிய கிழமையில அந்த யப்பான் பாட்டு. அது இல்லாட்டி மோட்டர்வேயில ஏறமாட்டாராம்!"

தர்சிகா இடைமறித்தாள்.

"மோட்டர்வேயாலயோ கூட்டிக்கொண்டு போறவர்?"

"ஓம், நாலு நாளும் அதாலதான். ஏன்?"

"அன்ரி... போன வருசம் அதில அவரின்ர காரை லொறி அடிச்ச பிறகு, வேலைக்குக்கூட ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டு உள்ரோட்டாலதானே போறவர்!"