ஆறாவது கோடு

முற்பகல் வெயில் சலவைக்கூடத்து ஜன்னல் வழியே இறங்கி, பாய்லரின் பித்தளை அழுத்த மீட்டரில் மினுங்குகிறது. தேய்ப்புக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அந்த மீட்டர் முள்ளையே பார்க்கிறாள். சிவப்பைத் தொட்டுத் தொட்டு அது நடுங்குகிறது. பக்கத்துச் சுவரில் ஐந்து சாக்பீஸ் கோடுகள். பழுதைப் பார்த்தவர் ஒரு கோடு போட வேண்டும் என்பது இங்கே சட்டம். கோட்டைப் பார்த்தவர் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எந்த மகராசனும் சொல்லிவைக்கவில்லை. "மேஸ்திரிகிட்ட யாராவது சொன்னீங்களா?" என்று கேட்கிறாள். வெளுப்புக்காரர் துணியைப் பிழிந்தபடியே, "அஞ்சு கோடு இருக்கேம்மா. அஞ்சு பேருமா சொல்லாம இருப்பாங்க?" என்கிறார். கதவோரம் போர்வைகளை அடுக்கும் மேஸ்திரியின் காதிலும் அது விழுகிறது. அவர் தலை நிமிரவில்லை. "அத்தனை பேரு பாத்திருக்காங்கல்ல, எவனாவது சரி பண்ணியிருப்பான். நீ வேலையப் பாரு." அவளுக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. சாக்பீஸை எடுத்து ஆறாவது கோட்டை இழுக்கிறாள். தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல் இருக்கிறது. காலையிலிருந்து ஓயாமல் சீறி, மிஞ்சிய ஆவியை வெளியே விட்டுக்கொண்டிருந்த வால்வு அந்த நேரம் பார்த்துச் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறது. "அப்பாடா, சத்தம் நின்னுச்சு" என்கிறார் வெளுப்புக்காரர். சாக்பீஸ் இன்னும் அவள் விரலிடுக்கில்தான் இருக்கிறது. முள் இப்போது நடுங்கவில்லை. சிவப்புக்குள் நுழைந்து, நிதானமாக ஏறுகிறது.