கணவருக்கு அடுத்த வரி

செத்தது பதினேழு பெண்கள் என்றுதான் நினைக்கிறேன், பத்தொன்பதாகவும் இருக்கலாம்.

அறுபது கடந்த எல்லோர் மார்பிலும் இதயக் கருவி உண்டு. அது ஓட எங்கள் அலுவலகத்திலிருந்து தினமும் அனுமதி போக வேண்டும். ஒவ்வொரு வீட்டின் கணினிப் பட்டியலிலும் மேக்ரோ என்னும் சிறு நிரல் மேலிருந்து கீழே வரிவரியாகச் சென்று அதைக் கொடுக்கும். இறந்தவரின் வரியை அதுவே நீக்கியதும் கீழ்வரி மேலேறிவிடும். மேக்ரோ அதைப் பார்க்காமல் அடுத்ததற்குத் தாவிவிடும். கணவருக்கு அடுத்த வரியில் இருப்பவள் மனைவி; அன்று அனுமதி கிடைக்காமல் அவள் கருவி நின்றுவிடும்.

"புருசன் கூடவே போய்ட்டா, புண்ணியவதி" என்றது ஊர்.

பிழையைக் கண்டுபிடித்து மேலாளர் ஆவுடையப்பனிடம் காட்டினேன்.

"கீழேருந்து மேல ஓடவிட்டா சரியாயிருமாவே?"

"ஆயிரும் சார்."

"மாத்திரும். வெளியில மூச்சு விடாதேயும். புண்ணியவதின்னு கும்பிடுதானுவ, கும்பிட்டுட்டுப் போட்டும்."

மாற்றினேன். மூச்சும் விடவில்லை.

அடுத்த மாதம் அப்பா இறந்தார். அம்மா பிழைத்திருந்தாள். பதினாறாம் நாள் எல்லோர் முன்னிலையிலும் அத்தை கேட்டாள்: "ஊர்ல அத்தன பேரும் கூடவே போனாளுவ. ஒங்களுக்கு மட்டும் உசுரு கெட்டியா இருக்கே, மதினி?"

அன்று மாலை அம்மா என்னிடம், "ஏல, நான் ஒங்கப்பா மேல பாசமா இல்லையோ?" என்றாள்.

நான் காப்பி டம்ளர்களை எடுத்து அடுக்கினேன்.

அம்மா அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இருந்தாள். எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. ஆவுடையப்பன் பதவி உயர்ந்து ஓய்வு பெற்றார். அத்தை நலமாக இருக்கிறாள். நான் மேலாளர் நாற்காலியில் இருக்கிறேன்.