பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் ஒரு ரூம்

"மகன் மேனேஜரா இருக்கற ஹோட்டல விட்டுட்டு, எவனோ நடத்துற லாட்ஜ்ல போய்த் தங்கணுமாம். இந்த நியாயத்தக் கேட்டியாம்மா?"

நர்கீஸம்மா நியாயம் கேட்டது ஜீவிதாவிடம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருக்கும் டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட், விசா, ரூம் எல்லாம் ஏற்பாடு செய்பவள் அவள்தான்.

பக்கத்து நாற்காலியில் அவர் கணவர் அப்துல் லத்தீப் பாய். பேகம்பூரில் தோல் வியாபாரம். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஓமன் நாட்டுப் பாலைவனம். நடுவே பூமியை வெட்டிப் பிளந்தது போல ஒரு பெரிய பள்ளத்தாக்கு. அதன் விளிம்பில் ஒரு ரிசார்ட். அங்கேதான் அவர்கள் மகன் சதாம் மேனேஜர். கோட்டு போட்டு அவன் அனுப்பிய போட்டோவை நர்கீஸம்மா வந்ததுமே காட்டிவிட்டார். பேகம்பூரில் அதைப் பார்க்காதவர்கள் யாரும் பாக்கியில்லையாம்.

"இம்புட்டுப் பெரிய பள்ளத்துல தண்ணி ஓடுமாம்மா?" என்றார் பாய்.

"மழை பேஞ்சா ஓடும் பாய். நம்ம குடகனாறு மாதிரிதான்."

"பேச்ச மாத்தாதீங்க," என்று குறுக்கே வந்தார் நர்கீஸம்மா. "சதாம்கிட்ட சொல்லக்கூட வேணாம். திடீர்னு அவன் ஹோட்டல் வாசல்ல போயி நிப்போம். புள்ள அசந்து போகட்டும்."

"அங்க வேணாம்னா வேணாம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"விளிம்புல கட்டியிருக்கான். எனக்குத் தல சுத்தும்."

"பள்ளம் தெரியாத ரூமும் இருக்கு பாய்," என்றாள் ஜீவிதா.

"நீச்சல் குளம் வேற இருக்கு. கண்டவங்களும் குளிப்பாங்க."

"நாம என்ன அதுல எறங்கவா போறோம்?" என்றார் நர்கீஸம்மா.

"வாடகை ஜாஸ்தி."

"மேனேஜரோட அத்தா அம்மான்னா சலுகை தருவாங்க பாய். போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"யாருக்கும் போன் போட வேணாம்," என்றார் பாய், கொஞ்சம் சத்தமாகவே.

ஜீவிதாவுக்கு எரிச்சலாக வந்தது. பெற்றவளின் ஆசைக்குக் கூடவா ஒரு மனுஷன் இப்படிக் குறுக்கே நிற்பார்? ஆனால் எரிச்சலைவிட, காரணம் என்னவாக இருக்கும் என்ற ஆர்வம்தான் அதிகம். பேச்சுக்குப் பேச்சு காரணத்தை மாற்றிச் சொல்கிறாரே.

அந்த நேரம் நர்கீஸம்மாவின் போன் அடித்தது. மகள் ஃபாயிஸா. உள்ளே சிக்னல் சரியில்லை என்று வராந்தாவுக்குப் போனார்.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. பெத்த மனசு ஆசப்படுது. உங்க மகனுக்கும் பெருமைதான? பெறகு ஏன் முரண்டு பிடிக்கிறீங்க?"

பாய் வராந்தாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"அந்த ஹோட்டல்ல தங்குனவங்க எழுதியிருக்கறத கீழ தள்ளிப் பாரும்மா. ரூம் எப்புடின்னு தெரிஞ்சுக்கத்தான் நானும் ஃபாயிஸா மகனப் படிக்கச் சொன்னேன்."

ஜீவிதா தள்ளிப் பார்த்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா படத்தோடு பாராட்டி எழுதியிருந்தார். ரூம் சுத்தம் செய்ய வரும் பையன் தங்கமானவனாம், குளியலறையைக் கண்ணாடி போல வைத்திருக்கிறானாம். படத்தில் கையில் துடைப்பத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான் சதாம்.

"எந்த வேலையும் கேவலமில்லம்மா. ஆனா மேனேஜர்னு சொல்லிட்டான். நாங்க போயி நின்னா கூனிக் குறுகிப் போயிருவான். பக்கத்து ஊர்ல தங்குனா, நல்ல சட்டையப் போட்டுக்கிட்டு வந்து எங்களப் பாத்துட்டுப் போவான்ல?" பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கு இது தெரிய வேணாம்."

இவ்வளவு நேரம் மனசுக்குள் திட்டியதற்கு ஜீவிதாவுக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு லாட்ஜைப் பிடித்துப் பதிவு செய்தாள்.

நர்கீஸம்மா திரும்பி வந்தார்.

"பக்கத்து ஊரு லாட்ஜே போட்டாச்சு," என்றார் பாய், விறைப்பாக.

"என்னமோ பண்ணுங்க. என் பேச்சு என்னைக்கு எடுபட்டிருக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் அந்த அம்மா.

பாய் ஸ்கூட்டரை எடுக்கக் கீழே இறங்கினார். அவர் தலை மறைந்ததும் நர்கீஸம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். எங்க சரின்னு சொல்லிப்புடுவாரோன்னு எனக்கு உசுரே போயிருச்சும்மா."

"என்னம்மா சொல்றீங்க? நீங்கதான அங்க தங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க?"

"நான் வேணும்னாத்தான அவரு வேணாம்பாரு? கல்யாணம் ஆன நாள்லருந்து அப்புடித்தான்." குரலைத் தாழ்த்தினார். "வீடியோ கால்ல சதாம் கையப் பாத்தேன். பினாயில்ல ஊறி வெளுத்து, வெரல்லாம் தோலு உரிஞ்சு கெடக்கு. மேனேஜர் கையாம்மா அது? பாய்க்கு மட்டும் தெரிஞ்சிராமப் பாத்துக்க தாயி. வெளியிலதான் மொரட்டு ஆளு, ஒடஞ்சு போயிருவாரு."